சிம்பாங் அம்பாட் வரை இழுத்துப் போன வண்டி

அந்த இழுவண்டியை வாங்குவதற்கு முன் என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். எங்கள் பிக்அப்பின் பின்பெட்டிக்கு மேல் கழுத்தை நீட்டி வைத்தபடி ஒரு வெள்ளை வண்டி நின்றது. சின்னச் சின்ன ஜன்னல்கள், பக்கவாட்டில் ஒரு கதவு, ஏறுவதற்குப் படி. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் திரைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"யாரோடதுங்க?"

"நம்மளோடதுதான்."

"எதுக்கு?"

"இருக்கட்டும் லா."

சும்மா இருக்கட்டும் என்று எதையும் வாங்குகிற ஆள் இல்லை அவர். பழைய செருப்புக்கே மூன்று தடவை வார் மாற்றுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்கு மேல் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வாழ்நாளில் பெரும்பகுதி செம்பனை எண்ணெய் டாங்கி இழுத்தவர். இங்கே செலண்டார் பக்கத்து ஆலைகளில் எண்ணெயை நிரப்பிக்கொண்டு கிள்ளான் துறைமுகம் வரை போய் வருவார். வேலையிலிருந்து நின்ற பிறகும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி இடது கையால் கியர் மாற்றுவார், அவருக்கே தெரியாமல். அதனால்தான் இந்த வண்டி அவரை இழுத்திருக்கவேண்டும். சாதாரண இழுவண்டியைக் காரின் வாலில் ஒரு குண்டில் மாட்டுவார்கள். இது அப்படி இல்லை. இதன் மூக்கு உயர்ந்து பிக்அப்பின் பின்பெட்டிக்கு மேலே வந்து, அங்கே பதித்த ஒரு தட்டில் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் டாங்கிக்கும் இதே ஏற்பாடுதான். அளவுதான் சின்னது.

விற்றவர்கள் கிளேபாங்கில் ஒரு சீனத் தம்பதி. ஊர் ஊராகச் சுற்றலாம் என்று ஆசையாகப் பட்டறையில் கட்டச் சொல்லி, ஒரே ஒரு தடவை மலைப் பக்கம் போய், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து, தென்னை மரத்தடியில் விட்டுவிட்டார்களாம். உள்ளே பூனை குட்டி போட்டிருந்ததாம். அவர்கள் இழுத்தது இரண்டு கதவு பிக்அப்பில். பின்பெட்டி நீளமாக இருக்கும். எங்களுடையது நான்கு கதவு. ஆட்கள் உட்காரத் தாராளமான இடம், ஆனால் பின்பெட்டி குட்டை. "ரொம்ப ஒடிச்சுத் திருப்பாதே" என்று அந்தச் சீனர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் சிரித்துவிட்டு வந்திருக்கிறார்.

இனி என் விஷயம். குடலில் கட்டி வந்தது, வெட்டி எடுத்தார்கள். வழக்கமான வழியை மூடிவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். ஆயுளுக்கும் அப்படித்தான். பை நிறையும்போது கழிவறைக்குப் போய் காலி செய்யவேண்டும். எப்போது நிறையும் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். சில சமயம் சத்தமும் போடும். நாலு பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போடும்.

உயிர் பிழைத்தது பெரிய விஷயம். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு தீபாவளிகளாக ஆஸ்பத்திரியைத் தவிர நான் எங்கும் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்கம், எதற்கும் இல்லை. அடுத்தவர் வீட்டுக் கழிவறையில் பையைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு, வெளியே வந்து எதுவும் நடக்காதது போல் சிரிக்க என்னால் முடியாது. சொந்தக்காரர்களுக்கு 'ஆப்பரேஷன்' என்று மட்டும் தெரியும். பை இருப்பது என் கணவருக்கும் மகளுக்கும்தான் தெரியும். அவர்கள்கூடப் பார்த்ததில்லை. நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எல்லாம் செய்வேன்.

கோயிலுக்கும் போகவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வயிற்றில் அந்த அசுத்தத்தை ஒட்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் எப்படி நிற்பது என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். வீட்டில் விளக்கும் அவர்தான் ஏற்றினார். திரியை எப்போதும் அதிகமாகத் தூண்டிவிடுவார். புகை படிந்து சுவரெல்லாம் கறுப்பு.

இந்த நிலைமையில்தான் சிம்பாங் அம்பாட்டில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு வந்தது. முறைப்படி நாங்கள்தான் செய்யவேண்டும். "அம்மாவுக்கு முடியல, நாங்களே இங்க செஞ்சுடுறோம்" என்று மாமியார் வீட்டில் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். மகள் போனில் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க வந்து முதல் வளையல் போடணும்மா. வேற யாரு போட்டாலும் எனக்கு வேணாம்."

"உன் மாமியார் போடட்டும்."

"அவங்க ரெண்டாவது போடுவாங்க. ஃபர்ஸ்ட் நீங்கதான்."

நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கறி தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு அடுப்பில் கறி எதுவும் இல்லை.

வண்டி வாங்கினால் பூஜை போடாமல் இருக்க முடியுமா? தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை காலை பிக்அப்பில் வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். என்னையும் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டார். வாசல் வரைக்கும்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே அந்தக் கோயில். சுற்றிலும் வேலி, இரும்புக் கதவு, உள்ளே கோயிலைச் சுற்றி வர ஒரு சிமெண்டுப் பாதை. நான் இரும்புக் கதவுக்கு வெளியே இறங்கி நின்றுகொண்டேன்.

பூசாரிக்கு ஒரு குழப்பம். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் என்று கணக்குப் போட்டு நாலுதான் எடுத்து வைத்திருந்தார்.

"பின்னாடி தொங்குற வண்டிக்கும் வைக்கணுமா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"அதுக்குத்தானே பூசையே போடுறோம், சாமி!"

இன்னும் இரண்டு பழத்துக்கு ஓர் ஆள் ஓடினார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, இரண்டு வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பழங்கள் நசுங்கின. பிறகு பூசாரி, கோயிலை ஒரு வலம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். கார், மோட்டார் சைக்கிள், லாரிகூட அந்தப் பாதையில் வலம் வந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் அலறியது.

வலம் என்றால் சாமி நம் வலப்பக்கம் இருக்கவேண்டும். ஒவ்வொரு மூலையிலும் வலப்பக்கம்தான் திரும்பவேண்டும். முதல் மூலையில் இடப்பக்கம் மடப்பள்ளிக் கொட்டகை. அகலமாக எடுத்துத் திருப்ப இடமில்லை. எண்ணெய் டாங்கி என்றால் இவர் கவலைப்படத் தேவையே இல்லை. அந்த லாரியின் தலைக்குப் பின்னால் காலி இடம் கிடக்கும், டாங்கி எவ்வளவு வளைந்தாலும் அதில் சுழன்றுகொள்ளும். அந்த நினைப்பில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். எங்கள் குட்டைப் பெட்டியில் அந்த இடம் எங்கே இருக்கிறது? பிக்அப் திரும்பத் திரும்ப, பின்னால் இருந்த வண்டியின் வலது மூக்கு மெல்ல முன்னே வந்து, ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியை நெருங்கியது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஒரு முழ இடைவெளி ஒரு சாணாகி, விரலளவு ஆனது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாதஸ்வரம் என்னைவிடச் சத்தமாகக் கத்தியது.

கண்ணாடி மொத்தமாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. பின் இருக்கையில் வைத்திருந்த மாலை, பழத்தட்டு, எல்லாவற்றின் மேலும் சில்லு. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி வந்து, மூக்கையும் கண்ணாடி இருந்த ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் உடனே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "திருஷ்டி கழிஞ்சுருச்சு, நல்லதுதான்" என்றது ஒரு கட்சி. "சாமி முன்னாடியே ஒடையுதுன்னா சகுனம் சரியில்ல, வித்துடுங்க" என்றது இன்னொன்று. கோஸ்தான் எடுங்கள், கோஸ்தான் எடுங்கள் என்று நாலு பேர் நாலு பக்கம் கை காட்ட, அவர் பின்னால் எடுத்து எடுத்து ஒருவழியாக நேராக்கி வெளியே கொண்டுவந்தார். வலம் முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். கண்ணாடியைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

"நீ ஏன் உள்ள வரல?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"சாமி உன்னை வராதேன்னு சொல்லுச்சா?"

"சாமி சொல்லல. எனக்கே கூசுது."

"அப்ப எல்லாரு வயித்துக்குள்ளயும் என்ன இருக்கு? ரோஜாப்பூவா?"

"அது உள்ள இருக்குங்க. எனக்கு வெளிய தொங்குது."

அவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய், வண்டியைக் கழற்றி வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். விற்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

கண்ணாடி மாற்ற அவர் பட்டறைக்குப் போயிருந்த ஒரு பகலில், யாராவது வாங்க வந்தால் பூனை முடியோடு இருக்கக்கூடாதே என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அந்த வண்டிக்குள் ஏறினேன். பூனை வாடை இல்லை. கழுத்துப் பகுதியில் மெத்தை, அதற்குக் கீழே சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கடைசியில் ஒரு ஒடுக்கமான கதவு. திறந்தேன். கழிவறை.

மற்றதெல்லாம் பழசாக இருக்க, கழிவறை மட்டும் புதிதாக இருந்தது. எட்டும் இடத்தில் கைத் தண்ணீர்க்குழாய். பக்கத்தில் சாமான் வைக்க இடுப்பளவில் ஒரு பலகை. கத்தரிக்கோல் மாட்ட ஒரு கொக்கி. வாடையை வெளியே இழுக்கும் சின்ன விசிறி. கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள். முகம் பார்க்கும் கண்ணாடி, முகம் பார்க்கிற உயரத்தில் இல்லை. குனிந்து பார்த்தேன். அது என் வயிற்றுக்கு நேரே இருந்தது.

பையை மாற்றுகிற ஒருத்திக்குத்தான் கண்ணாடி அந்த உயரத்தில் வேண்டும். வீட்டில் நான் கைக்கண்ணாடியைத் தொடையில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு அவதிப்படுவேன். அதைத் தாழிட்ட கதவுக்குப் பின்னால்தான் செய்தேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாதியிடம் போய்க் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கழிவறையில் மூடியைப் போட்டு உட்கார்ந்து அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். பிறகு பூனை முடி இல்லாவிட்டாலும் ஒரு தடவை பெருக்கிவிட்டு இறங்கினேன்.

அவர் வந்ததும், "விக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"அப்ப மூலை திரும்புறது எப்படி?"

அவர் முகம் மாறியதைப் பார்க்கவேண்டும். கண்ணாடிக்குப் போனவர் அதையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். தட்டை அப்படியே பெட்டியில் பதிக்காமல், தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தால், வேண்டியபோது பின்னால் நகர்த்திக்கொள்ளலாமாம். வண்டியின் மூக்கு அவ்வளவு தூரம் பின்னே போய்விடும். எவ்வளவு ஒடித்தாலும் கண்ணாடியைத் தொடாது. அந்தச் சட்டத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பட்டறையில் பொருத்தினார்கள். ஒரே ஒரு சிக்கல், அது தானாக நகராது. திருப்பத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒருவர் இறங்கி, இழுவண்டியின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, பெட்டியோரம் உள்ள கைப்பிடியை இழுக்கவேண்டும். பிக்அப் மெதுவாக முன்னே போகும், தட்டு பின்னால் நகர்ந்து பூட்டிக்கொள்ளும். கட்டையை எடுத்துவிட்டு, ஊர்ந்தபடி திரும்பலாம். திரும்பி முடிந்ததும், பின்பாரம் ஏறிய வண்டியை அப்படியே ஓட்டக்கூடாது என்பதால், மறுபடி கட்டை, மறுபடி கைப்பிடி, கோஸ்தான்.

"யாரு எறங்குவா?" என்றேன்.

"லாரிக்கு எப்பவும் ஒரு கெலிண்டான் இருப்பான் லா."

கெலிண்டான் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், கட்டை போடவும் கை காட்டவும் இறங்குகிற ஆள். டிரைவரிடம் திட்டு வாங்குவதும் அவன் வேலைதான். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் எனக்கு அந்தக் கடைசி வேலை மட்டும் ஏற்கெனவே பழக்கம்.

பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுகிற திடல் பகலில் காலியாகத்தான் கிடக்கும். அங்கே போய்ப் பழகினோம். "கட்டை போட்டியா? இழு! இழுன்னா இழு! எங்க பாத்துட்டு நிக்கிற?" என்று அவர் கத்துவார். "காது கேக்குது, மெதுவாச் சொல்லுங்க" என்று நான் கத்துவேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்த ஒரு மலாய்க்காரர், அக்கா இந்த வயதில் கெலிண்டான் ஆகிவிட்டீர்களா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வயிற்றைப் பற்றி அந்தத் திடலில் ஒரு மணி நேரம் நினைக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பையைப் பற்றி நினைக்க நேரமில்லாமல் போனது அந்த இரண்டு தீபாவளிக் காலத்தில் அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு மகளுக்கு நானே போன் போட்டேன். "வரேன். ஆனா வளையல் உன் மாமியாரே போடட்டும். நான் தள்ளி உக்காந்து பாக்குறேன்" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "ஓகேமா, நீங்க வந்தா போதும்" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டுக்கொண்டுதான் போனை வைத்தேன். என்ன செய்வது? புனிதமான காரியம், தலைப்பிள்ளை. என் கை பட்டு எதுவும் ஆகிவிடக்கூடாது என்ற பயம் எனக்கு.

வளைகாப்பு அன்று அதிகாலையில் கிளம்பினோம். பட்டுப்புடவை கட்டியிருந்தேன். அலோர் காஜா வழியாகப் போகும் சாலையில் எங்களுக்குப் பின்னால் கார்கள் ரயில் மாதிரி வரிசை கட்டின. அவர் அவசரப்படவில்லை. நடுவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஓரமாக நிறுத்தினார். "எறங்கி நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். நான் வண்டிக்குள் ஏறிப் போய் என் வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். கையைக் கழுவிக்கொண்டு பிக்அப்பில் ஏறி உட்கார்ந்தபோது அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனிதர்தான். அதை நேரில் சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார்.

சம்பந்தி வீடு இருந்தது ஒரு பழைய தாமானில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. உள்ளே நுழையும் முனை கோயில் மூலையைவிட ஒடுக்கம், அதுவும் வலப்பக்கம்தான். நிறுத்தினார். நான் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, முட்டுக்கட்டையோடு நடுச்சாலையில் இறங்கினேன். பின்னால் ஹார்ன் சத்தம். வளைகாப்பு வீட்டுக்குப் போகும் கார்கள், அதில் என்னைத் தெரிந்த முகங்கள். இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்தவள், இப்போது ஒரு கையில் கட்டையோடு மறு கையால் கார்களை நிறுத்திக்கொண்டு நின்றேன். கைப்பிடியை இழுத்தேன். தட்டு நகர்ந்து 'டக்' என்று பூட்டியது. அவர் முழுக்க ஒடித்துத் திருப்பினார். மூக்குக்கும் புதுக் கண்ணாடிக்கும் நடுவில் நான் தலையை நுழைக்கலாம் போல இடம் இருந்தது.

கூடாரத்துக்குப் பக்கத்தில், காலி மனையில் வண்டியை நிறுத்தினோம். மருமகனின் அம்மா, என் சம்பந்தியம்மா, ஓடி வந்தார். "என்ன சம்பந்தி, வீட்டையே இழுத்துட்டு வந்துட்டீங்களா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பச்சைப் பட்டில், வீங்கிய முகத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, மை கலையும் என்று நாலு பேரிடம் திட்டு வாங்கினாள். நான் ஓர் ஓரத்து நாற்காலியில், வெளியே போக வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

என் கணவரை அன்றைக்குக் கட்டிப்போட்டிருக்கவேண்டும். வந்த ஆட்களுக்கெல்லாம் வண்டியைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். தட்டு இப்படி நகரும், மூக்கு இப்படிப் போகும். அதோடு நிறுத்தினாரா? "உள்ள டாய்லெட்கூட இருக்கு, தண்ணியெல்லாம் வருது, ஏறிப் பாருங்க." சம்பந்தி வீட்டில் கீழே இருப்பது ஒரே கழிவறை. நூறு பேர் கூடியிருந்த இடம். செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

வேப்பிலைக் காப்பு கட்டத் தயாரானபோது என் பை கனத்தது. மெதுவாக எழுந்து போனேன். வண்டியின் படியிலிருந்து கூடாரம் வரைக்கும் வரிசை. எல்லாம் பட்டுப்புடவை கட்டிய பெண்கள், கையில் விசிறி, நிம்மதியான பேச்சு. எனக்கென்று கட்டிய இடத்துக்கு நான் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். சிரிப்பு வரவில்லை. யாரை முதலில் அடிப்பது என்றுதான் யோசித்தேன்.

உள்ளே போயிருந்தது சம்பந்தியம்மாவின் மூத்த அக்கா. வருவதாகத் தெரியவில்லை. பையின் ஓரம் சூடாவதை உணர்ந்தேன். இன்னும் சற்று நேரம் போனால் ஒட்டு விட்டுவிடும், பட்டுப்புடவையோடு, மகளின் வளைகாப்பில், இத்தனை பேர் நடுவில். இரண்டு தீபாவளிகளாக நான் எதற்குப் பயந்து வீட்டில் கிடந்தேனோ அது என் வயிற்றில் நின்றது. வீட்டுக் கழிவறைக்கு ஓடலாம் என்றால் அங்கேயும் கூட்டம். வழி விடுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

வரிசையைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

"யாரது? வரிசையில வரணும்ல!" என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு ஆப்பரேஷன் ஆனதுலேருந்து வயித்துலதான் போகுது. இங்க ஒரு பை ஒட்டியிருக்கு. அது நெறஞ்சிருச்சு. இப்ப போகலன்னா ஒடஞ்சிரும்."

என் குரல் எனக்கே கேட்டது. ஒலிபெருக்கி அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. கூடாரத்துக்குள்ளும் கேட்டிருக்கும். என்னை அதட்டிய அதே பெண் முன்னே வந்து, என்னைவிடப் பலமாகக் கதவைத் தட்டினாள்.

"பெரியம்மா! வெளிய வாங்க! பொண்ணோட அம்மாவுக்கு அவசரமாம்!"

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல" என்றார், கோபமில்லாமல்.

உள்ளே போய்த் தாழிட்டேன். வேலை ஒழுங்காக நடந்தது. புடவையில் ஒரு சொட்டுப் படவில்லை. வெளியே என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்தேன். அருவருப்பாக ஏதாவது சொல்வார்கள், கேட்டே தீரவேண்டும் என்று நின்றேன். "பாவம், எவ்வளவு கஷ்டம்" என்றாள் ஒருத்தி. "என் சித்தப்பாவுக்கும் இருந்துச்சு" என்றாள் இன்னொருத்தி. அதோடு என் வயிற்றைப் பற்றிய பேச்சு முடிந்தது. பிறகு நடந்ததெல்லாம், நான் வெளியே வந்ததும் அடுத்து யார் உள்ளே போவது என்ற சண்டைதான். யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டு ஜூஸ் குடிக்கப் போனாளாம், அது செல்லாதாம். நான் கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்தபடி அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இதற்காகவா இத்தனை நாள் வீட்டுக்குள் கிடந்தேன் என்று ஆத்திரமாக வந்தது.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கதவைத் திறந்தேன். படிக்குக் கீழே சம்பந்தியம்மா நின்றிருந்தார், கையில் வளையல் தட்டோடு. அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இனி என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். வளையலை நான் போடவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன்.

"கை கழுவிட்டீங்கள்ல?" என்றார்.

"ம்."

"அப்ப வாங்க. நல்ல நேரம் போகுது. நீங்க போடாம நாங்க எப்படி ஆரம்பிக்கிறது?"

என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மகளுக்கு முன்னால் நிறுத்தினார். சந்தனம் எடுத்து மகளின் இரண்டு கன்னத்திலும் தடவினேன். வேப்பிலைக் காப்பைக் கட்டினேன். பிறகு ஒரு பச்சை வளையலை எடுத்தேன். அவள் கை நீர்கோத்து வீங்கியிருந்தது. விரல் முட்டியைத் தாண்டி வளையல் ஏறவில்லை. வலிக்குமே என்று தயங்கினேன்.

"அழுத்துங்கம்மா," என்றாள். "ஒண்ணும் ஆகாது."

அழுத்தினேன். ஏறிவிட்டது.